குழுவாக எழுதிய கதை ஆறாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் இணையக் குழுவில் 14 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் கதை எழுதப் பிடிக்கும். பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆளுக்கொரு அத்தியாயம் என்று ஒரு மர்மக் கதை தொடங்கினோம். மழை இரவு, ஒரு விடுதி, அங்கே தங்கியிருந்த ஒருவர் காணாமல் போகிறார். முடிவைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். முதல் மூன்று அத்தியாயங்கள் நன்றாக வந்தன. நான்காவது இரண்டு வாரம் தாமதம். ஐந்தாவதில் புதிதாக மூன்று பாத்திரங்கள் நுழைந்தார்கள். ஆறாவதை எழுதியவர், விடுதி மேலாளர் மீராவின் தம்பியைக் கொன்றுவிட்டார். அந்தத் தம்பியை உருவாக்கியவர் கோபித்துக்கொண்டு விலகினார், அவருடன் இன்னொருவரும் போய்விட்டார். கதை அப்படியே நிற்கிறது. எங்களில் ஒருவர் மிக நன்றாகவும் மிக நீளமாகவும் எழுதுகிறார். அவருக்கு அடுத்து எழுத மற்றவர்கள் தயங்குகிறார்கள். இதைத் தொடரலாமா, புதிதாகத் தொடங்கலாமா? என்னென்ன விதிகள் வைத்துக்கொள்வது?

பதில்:

பல பேர் எழுதிய கதைகளைத் தொகுத்துச் செப்பனிடுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம் அந்தச் சண்டை இல்லை. "முடிவைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரிதான். தாமதம், கூட்டமாக வந்து சேர்ந்த பாத்திரங்கள், தம்பியின் சாவு எல்லாமே அங்கிருந்து கிளம்பியவை. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. கதை எங்கே போகிறது என்று தெரியாதவர் கையில் அத்தியாயத்தைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சுவையாக்கப் பார்ப்பார். புதிதாக ஒருவரைக் கொண்டுவருவார், இல்லையென்றால் இருக்கிற ஒருவரைக் கொல்வார்.

ஆளுக்கொரு அத்தியாயம் என்ற வடிவத்தின் சிக்கலே இதுதான். கதையைத் தொடங்குவது எல்லோருக்கும் இனிக்கிறது. அதனால் தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் மறுபடியும் தொடங்குகிறார். பூட்டிய அறை, பழைய கடிதம், யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்தது என்று கேள்விகள் குவிகின்றன. கதையில் ஒரு கேள்வியை எழுப்புவது கடன் வாங்குவது மாதிரி. உங்கள் முறையில் ஆறு பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள், அடைக்க வேண்டியது ஏழாவது ஆள். அவர் எழுத உட்காராமல் நாளைத் தள்ளுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதே சிக்கலை உங்களுக்கு முன்னால் சந்தித்த ஒரு குழு உண்டு. பிரிட்டனின் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து நடத்திய டிடெக்‌ஷன் கிளப் 1931-இல் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை வெளியிட்டது. அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், செஸ்டர்டன் உட்பட 14 பேர் சேர்ந்து எழுதியது. எண்ணிக்கை உங்கள் குழுவேதான். அவர்கள் கடைப்பிடித்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். அத்தியாயம் எழுதுகிறவர், கதையின் மர்மத்துக்கு ஒரு திட்டவட்டமான விடையை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். சும்மா கதையைக் குழப்புவதற்காக ஒரு தடயத்தையும் போடக் கூடாது. தனக்கு முன் எழுதியவர்கள் விட்டுச்சென்ற முடிச்சுகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டவும் கூடாது. அப்படி அவர்கள் எண்ணிவைத்திருந்த விடைகளை நாவலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் கதை சுமை ஏறித்தான் போனது. எட்டாம் அத்தியாயம் எழுதிய ரொனால்ட் நாக்ஸ், அதுவரை விடை தெரியாமல் நின்ற சந்தேகங்களைத் துப்பறிபவர் வாயிலாக ஒவ்வொன்றாக எண்ணினார். 39 வந்தது. கடைசி அத்தியாயத்தை எழுதிய அந்தனி பெர்க்லி அதற்கு வைத்த தலைப்பு, குளறுபடிகளை ஒழுங்கு செய்வது என்ற பொருளில் இருக்கும். செஸ்டர்டன் எழுதிய முன்கதை நூலில் முதலில் வந்தாலும், எழுதப்பட்டது கடைசியில்தான். தொழில்முறை எழுத்தாளர்களுக்கே இந்த வடிவம் இவ்வளவு வேலை வைத்திருக்கிறது. ஆர்வத்தில் எழுதத் தொடங்கிய ஒரு குழு ஆறு அத்தியாயம் வரை வந்ததை நான் குறைவாக நினைக்கவில்லை.

சரி, உங்களுக்கு என் ஆலோசனையின் சாரம் இரண்டே விஷயங்கள். கதையில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மற்றவர் அனுமதியில்லாமல் தொடக் கூடாத ஒன்று. கதை எங்கே முடிகிறது என்ற தீர்மானம் ஒருவர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்ற விதிகளைக் குறைவாக வைத்துக்கொண்டாலும் குழு தாங்கும். இரண்டும் இல்லாவிட்டால் நாற்பது விதி எழுதினாலும் அடுத்த ஆறாம் அத்தியாயத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

முதல் விஷயத்திலிருந்து வருகிறேன். தம்பியை உருவாக்கியவர் ஏன் அவ்வளவு வருந்தினார்? அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு கடந்த காலத்தை, ஒரு குரலை, இனி நடக்கப்போவதையெல்லாம் அவர் மனதில் வளர்த்து வைத்திருப்பார். மற்றவர்களுக்கு அது தெரியாது. ஆறாம் அத்தியாயக்காரருக்கு அந்தத் தம்பி வாசலில் நிற்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். பல எழுத்தாளர்கள் ஒரே உலகத்தைப் பகிர்ந்து எழுதும் தொகுப்புகளில் இதற்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். ராபர்ட் ஆஸ்பிரின் தொகுத்து 1979-இல் தொடங்கிய 'தீவ்ஸ் வேர்ல்ட்' வரிசையில் யாரும் யாருடைய பாத்திரத்தையும் தன் கதைக்குள் கொண்டுவரலாம். ஆனால் உருவாக்கியவரைக் கேட்காமல் கொல்லவோ, ஆளையே மாற்றிவிடவோ கூடாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுப்பில் 1987-இல் தொடங்கிய 'வைல்ட் கார்ட்ஸ்' வரிசையிலும் பாத்திரங்கள் உருவாக்கியவருக்கே சொந்தம், இரவல் வாங்கி எழுதலாம். இந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். சாவு மட்டும் திருப்ப முடியாத விஷயம் இல்லை. திருமணம், கர்ப்பம், குற்றத்தை ஒப்புக்கொள்வது, பல வருட ரகசியம் வெளிப்படுவது, கை கால் இழப்பது எல்லாமே அப்படித்தான். திருப்ப முடியாத எதையும் எழுதும் முன் பாத்திரத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வரி கேட்க வேண்டும். அவர் இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தொகுப்பாசிரியர் முடிவு செய்வார். காலக்கெடு இல்லாத அனுமதி கதையை நிறுத்திவிடும், அதனால் இரண்டு நாள் என்பதில் உறுதியாக இருங்கள்.

இப்போது தொகுப்பாசிரியர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டேன். உங்கள் குழுவில் இது கொஞ்சம் சங்கடத்தைக் கிளப்பும் என்று தெரியும். நண்பர்களாகப் பழகும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் அதிகாரம் எதற்கு, ஓட்டெடுத்து முடிவு செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். எந்தக் கதையை எழுதுவது, எவ்வளவு நீளம், எப்போது வெளியிடுவது போன்றவற்றுக்கு ஓட்டெடுங்கள். விருந்தாளியைக் கடத்தியது யார் என்பதற்கு ஓட்டெடுக்காதீர்கள். ஓட்டெடுத்தால் யாருக்கும் பெரிய ஆட்சேபணை இல்லாத முடிவுதான் ஜெயிக்கும், வாசகருக்கு அது சப்பென்று இருக்கும்.

யாருக்கும் அதிகாரம் இல்லாமல் விட்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2007-இல் பெங்குவின் பதிப்பகமும் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம் என்ற ஒரு விக்கி நாவலை நடத்தின. சில வாரங்கள் ஓடியது. கூட்டம் வந்தது, உற்சாகம் இருந்தது, வேண்டுமென்றே குலைத்தவர்களும் இருந்தார்கள். படித்து முடிக்கும்படியான ஒரு நாவல் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பரிசோதனையாக அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது முடிந்த ஒரு கதை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிகிறது.

ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு கதைக்கு மட்டும். அடுத்த கதைக்கு வேறொருவர். இப்படி முறை வைத்தால் அதிகாரம் யாரையும் உறுத்தாது. தானும் ஒருநாள் அந்த இடத்தில் உட்காரப்போவதால் மற்றவர்களும் ஒத்துழைப்பார்கள். தொகுப்பாசிரியராக இருப்பவர் அந்தக் கதையில் அத்தியாயம் எழுதாமல் இருப்பது நல்லது. கதைக்குள் தன் பாத்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது கடினம்.

அடுத்து, வடிவம். ஆளுக்கொரு அத்தியாயம் என்று வரிசையாக எழுதுவதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அத்தியாயம், ஆளுக்கு ஒரு வாரம் என்றால் எல்லாம் சரியாக நடந்தாலே 84 நாள். ஒவ்வொருவரும் நான்கு நாள் தாமதித்தால் இன்னும் 48 நாள் சேர்ந்து 132 ஆகிறது. ஒருவர் ஊருக்குப் போனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ மீதி 11 பேரும் கை கட்டிக் காத்திருக்க வேண்டும். முதலில் எழுதியவர் தன் அத்தியாயத்தையே மறந்திருப்பார். உற்சாகம் வடிந்துபோகக் காரணம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். கதை பிடிக்காமல் போவதெல்லாம் அப்புறம்.

அதற்குப் பதிலாக எல்லோரும் ஒரே சமயத்தில் எழுதும் வடிவத்துக்கு மாறுங்கள். உங்கள் விடுதிக் கதை அதற்கு மிகவும் பொருத்தமானது. ஓர் இரவு, ஒரு கட்டடம், பல அறைகள். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த இரவு அவர் கண்ணில் எப்படிப் பட்டது என்று எழுதலாம். மேலாளர் மீராவின் இரவு ஒருவருக்கு, சமையல்காரரின் இரவு இன்னொருவருக்கு, இரண்டாம் மாடியில் தூங்காமல் கிடந்த முதியவரின் இரவு மற்றொருவருக்கு. எட்டரை மணிக்கு மின்சாரம் போகிறது, பத்து மணிக்கு ஒரு கார் கிளம்பும் சத்தம், நள்ளிரவில் மூன்றாம் எண் அறையின் கதவு திறந்து கிடக்கிறது என்று பொதுவான நான்கைந்து நிகழ்வுகளை மட்டும் முன்பே நிர்ணயித்துவிடுங்கள். அவை எல்லாருடைய பகுதியிலும் அதே நேரத்தில் வர வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் சுதந்திரம். ஒருவர் தாமதித்தாலும் மற்றவர் நிற்க வேண்டியதில்லை, ஒருவர் விலகினால் ஓர் அறை காலியாகும், கதை விழாது. ஒருவர் நடையும் இன்னொருவர் நடையும் வேறாக இருப்பதுகூட இங்கே கதைக்கு உதவும். வேறு வேறு மனிதர்கள்தானே பேசுகிறார்கள்.

இன்னொரு வழி, இரண்டு பேர் ஜோடியாக எழுதுவது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே பெயரில் அறிவியல் புனைகதை நாவல்கள் எழுதுபவர்கள் உண்மையில் டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் என்ற இருவர். அத்தியாயங்களைப் பாத்திரவாரியாகப் பிரித்து எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துகிறார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு பேர் என்று வைத்தால், தயங்குகிறவர் துணையோடு எழுதுவார்.

14 பேரும் எழுதியாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு கதைக்கு ஐந்திலிருந்து ஏழு பேர் எழுதினால் போதும். மற்றவர்களுக்கு உண்மையான வேலைகள் இருக்கின்றன, ஒப்புக்குக் கொடுக்கும் வேலைகள் இல்லை. சினிமாவில் கன்டினியூட்டி பார்ப்பவர் இருப்பது போல இங்கேயும் ஒருவர் வேண்டும். முதல் பகுதியில் இடது கையில் கட்டுப் போட்டவர் நான்காம் பகுதியில் அதே கையால் பெட்டியைத் தூக்குகிறாரா, எட்டரைக்குப் போன மின்சாரம் ஒன்பதுக்கு எப்படி விளக்கை எரியவிட்டது, இதையெல்லாம் பிடிப்பவர் அவர்தான். நேரம் வாரியாக ஓர் அட்டவணையும் அவர் வைத்திருப்பார். பிழை திருத்துபவர் ஒருவர் வேண்டும். இன்னும் இரண்டு பேர், கதையைப் பற்றிய பேச்சு எதையும் கேட்காமல் ஒதுங்கியிருந்து, முழுக் கதையும் தயாரான பிறகு முதன்முறையாகப் படிக்க வேண்டும். மர்மக் கதைக்கு இவர்கள் மிகவும் தேவை. விடை தெரிந்த ஒருவரால் தடயம் போதுமா போதாதா என்று சொல்லவே முடியாது.

எழுதத் தொடங்கும் முன் தொகுப்பாசிரியர் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்ய வேண்டும். ஒரே பக்கம், பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கே, எப்போது, காணாமல் போனவர் யார், உண்மையில் என்ன நடந்தது, கடைசிக் காட்சி என்ன என்பவை அதில் இருக்கட்டும். இந்தக் கதையில் என்ன நடக்கவே நடக்காது என்பதும் இருக்கட்டும். பேய் கிடையாது, எல்லாம் கனவு என்று முடிக்கக் கூடாது, இரட்டைப் பிறவிகள் கிடையாது என்பது மாதிரி. இப்படி முதலிலேயே வேலி போட்டுவிட்டால் பாதிச் சண்டைகள் எழவே எழாது.

அதோடு பாத்திரத்துக்கு ஒரு சீட்டு. வயது, தோற்றம் எல்லாம் இரண்டு வரியில் போதும். அவருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்ற மூன்றும் கண்டிப்பாக வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தமிழில் எழுதும் குழுக்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. ஒருவர் எழுதும் பகுதியில் மீரா சமையல்காரரை "அண்ணே, வாங்க" என்கிறாள். அடுத்தவர் எழுதும் பகுதியில் அதே ஆளை "நீ இங்கே வா" என்கிறாள். வாசகருக்கு அது இரண்டு வேறு மீராக்கள். யார் யாரை நீ என்பார், நீங்க என்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், உறவு சொல்லிக் கூப்பிடுவார் என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பி வையுங்கள். கதை நடுவில் அது மாறினால், அந்த மாற்றமே ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்.

உரையாடல் பேச்சு வழக்கிலா எழுத்து வழக்கிலா, பேச்சு வழக்கு என்றால் எந்த வழக்கு, கதை சொல்லும் குரல் இறந்த காலத்திலா நிகழ்காலத்திலா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு பகுதியில் "அவன் வந்துவிட்டானா?" என்றும் அடுத்ததில் "அவன் வந்துட்டானா?" என்றும் ஒரே ஆள் பேசினால் தையல் வெளியே தெரியும். பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இது ஐந்து நிமிட வேலை. கடைசியில் திருத்த உட்கார்ந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

எங்கே எழுதுவது? அரட்டை நடக்கும் இடத்தில் கதையை ஒட்டாதீர்கள். பத்து வணக்கங்களுக்கும் இருபது இமோஜிகளுக்கும் நடுவில் மூன்றாம் அத்தியாயத்தின் எந்த வரைவு கடைசி வரைவு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கூகுள் டாக்ஸ் மாதிரி எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில், பகுதிக்கு ஒரு கோப்பு என்று வையுங்கள். எழுதியவரைத் தவிர மற்றவர்களுக்குப் பரிந்துரை மட்டும் செய்யும் அனுமதி கொடுங்கள். திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் உரிமை. பழைய வரைவுகள் தானாகவே சேமிக்கப்படுவதால், யாராவது தவறி அழித்துவிட்டாலும் மீட்கலாம். அரட்டையில் பேசி முடிவானவற்றை மட்டும் ஒரு தனிக் கோப்பில் தேதி போட்டு எழுதுங்கள். "அன்றைக்கே இதைச் சொன்னேனே" என்ற வாக்குவாதத்துக்கு அந்தக் கோப்பு பதில் சொல்லும்.

இனி நன்றாகவும் நீளமாகவும் எழுதும் அந்த நண்பர். அவர் குழுவுக்குப் பெரிய சொத்து, அவரை அடக்கி வைக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு பகுதிக்கு 800 முதல் 1,200 சொற்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எல்லை வைத்துவிட்டால் நீளப் பிரச்சினை அவர் பெயரைச் சொல்லாமலே தீர்ந்துவிடும். எல்லைக்குள் எழுதுவது அவருக்கும் நல்ல பயிற்சி. மற்றவர்களின் தயக்கத்துக்குக் காரணம் அவருக்கு அடுத்த வரிசையில் நிற்பது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுதும்போது அந்த வரிசையே இல்லை. பகுதிகளுக்கு இடையே வரும் இணைப்புத் துண்டுகளையும் கடைசிப் பகுதியையும் அவரிடம் கொடுக்கலாம். மற்றவர்கள் விட்டுவைத்த நூல்களைப் பிடித்துக் கட்டுவது திறமைசாலிகள் செய்ய வேண்டிய வேலை, அவருக்கும் சலிக்காது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் பொறுப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள். நன்றாக எழுதுகிறவர்களில் பலர் அடுத்தவர் வாக்கியத்தைத் தன் வாக்கியமாக மாற்றிவிடுவார்கள். தயங்குகிறவர் அதோடு எழுதுவதையே விட்டுவிடுவார்.

கருத்துச் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் 13 பேர் பார்வையில் விமர்சிப்பது கொடுமை. ஒரு பகுதிக்கு இரண்டு பேர் படிக்கட்டும். அவர்கள் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: எங்கே புரியவில்லை? எங்கே நம்ப முடியவில்லை? எந்த இடத்தைப் படிக்காமல் தாண்டத் தோன்றியது? எப்படித் திருத்தலாம் என்று அவர்கள் சொல்ல வேண்டாம், எழுதியவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். நன்றாக இருப்பதை மட்டும் தாராளமாக எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், எந்த வரி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

கெடு தவறினால் என்ன என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் எழுத, ஒரு வாரம் படிக்க, ஒரு வாரம் திருத்த என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வார முடிவில் பகுதி வராதவரிடம் தொகுப்பாசிரியர் தனியாகக் கேட்பார்: "ஐந்து நாள் தரட்டுமா, இல்லை இந்த முறை விட்டுவிடுகிறீர்களா?" விட்டுவிடுகிறேன் என்று சொல்வது எளிதாக இருக்க வேண்டும். குழுவில் விளக்கம் கேட்கக் கூடாது. வீட்டில், வேலையில் ஆயிரம் இருக்கும். வெட்கப்பட்டு மௌனமாகக் காணாமல் போகிறவரைவிட, இந்த முறை முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்கு வருகிறவர் குழுவுக்கு எவ்வளவோ மேல்.

எல்லாப் பகுதிகளும் வந்த பின் தொகுப்பாசிரியர் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் ஒருமுறை படிக்க வேண்டும். அப்போது நாக்ஸ் செய்ததைச் செய்யச் சொல்லுங்கள். விடை வராத கேள்விகளை எண்ணி ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டும், அல்லது அந்தக் கேள்வியையே கதையிலிருந்து எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு குரல் அழைப்பில் எல்லோரும் கூடி, அவரவர் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடறல் காதுக்குத் தெரியும், உரையாடலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சந்தோஷமான மாலையாகவும் அது இருக்கும்.

உரிமை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலரும் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், கதை நன்றாக வந்து யாராவது வெளியிடக் கேட்கும்போது நட்பே முறிகிறது. யார் எழுதியது எது என்று பிரித்துக் காட்ட முடிகிற கதையில் அவரவர் பகுதி அவரவருக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வது எளிது. பிரிக்க முடியாதபடி கலந்து எழுதியிருந்தால் பொதுவாக அது கூட்டுப் படைப்பு. எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் நகர முடியாமல் போகலாம். பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி கூட்டுப் படைப்பின் பாதுகாப்புக் காலம், எழுதியவர்களில் கடைசியாக மறைந்தவரின் மறைவிலிருந்துதான் எண்ணப்படுகிறது. அவ்வளவு நீண்ட காலம் உங்கள் அனைவரையும் கட்டிப்போடக்கூடிய விஷயம் இது. எனவே நான்கு வரியில் ஓர் ஒப்பந்தம் எழுதி எல்லோரும் "சம்மதம்" என்று பதில் போடுங்கள். எங்கே வெளியிடலாம், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, விலகுகிறவர் எழுதிய பகுதி கதையில் இருக்குமா, அவர் தன் பாத்திரத்தை வேறு கதையில் பயன்படுத்தலாமா. மின்னூலாக விற்கப்போகிறீர்கள் என்றால் பணம் பெரும்பாலும் யாரோ ஒருவர் கணக்குக்குத்தான் வரும். அந்த ஒருவர் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவார் என்பதையும் சேர்த்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா கூடாதா என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். என் கருத்து, பிழை பார்க்கப் பயன்படுத்தலாம், பத்திகளை எழுத வைக்க வேண்டாம். சேர்ந்து எழுதுவதன் சுகமே பக்கத்து ஆளின் மனம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த முடிவாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: தொடரலாமா, புதிதாகத் தொடங்கலாமா?

விடுதியை வைத்துக்கொள்ளுங்கள், ஆறு அத்தியாயங்களையும் ஒதுக்கிவையுங்கள். அழிக்க வேண்டாம், தனிக் கோப்புறையில் இருக்கட்டும். அந்த உலகம் உங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது; அதை விடுவது வீண். ஆனால் ஏழாம் அத்தியாயத்திலிருந்து தொடர்ந்தால் தம்பியின் சாவை ஏற்பதா, எப்படியோ உயிர்ப்பிப்பதா என்பதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எது செய்தாலும் ஒருவர் தோற்றவர் ஆவார். மேலே சொன்னபடி ஓர் இரவு, பல அறைகள் என்று அதே கதையைப் புதிதாக எழுதுங்கள். முதல் முயற்சி சிறியதாக இருக்கட்டும்: ஆறு பேர், ஆறு பகுதி, ஐந்து வாரம்.

அதற்கு முன்னால் இரண்டு தனிப்பட்ட உரையாடல்கள் நடக்க வேண்டும், நீங்களே பேசுங்கள். ஆறாம் அத்தியாயம் எழுதியவரிடம் முதலில். அவர் எந்த விதியையும் மீறவில்லை, விதியே இல்லை. அதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்; இத்தனை நாளும் குழுவின் மௌனத்தில் அவர் குற்றவாளியாக உட்கார்ந்திருப்பார். அப்புறம் விலகிப்போனவர்களிடம். திரும்பி வாருங்கள் என்று கெஞ்ச வேண்டாம். தம்பியை உருவாக்கியவரிடம், அந்தப் பாத்திரம் இனி அவருடையது, புதிய கதையில் வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று சொல்லி, ஒரு பக்கக் குறிப்பையும் நான்கு வரி ஒப்பந்தத்தையும் அனுப்புங்கள். அவருடன் போனவருக்கும் அதே இரண்டையும் அனுப்பிவிடுங்கள். வந்தால் தம்பிக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். வராவிட்டால் தம்பி இல்லாமலே கதையை எழுதுங்கள், வேறு பெயரில் அதே ஆளைக் கொண்டுவராதீர்கள்.